எல்லையில் நிற்கும் கப்பல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அண்ணி அழுததிலிருந்து வந்தது. சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதார்.

அண்ணிக்குக் கடல் ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஒருங்கிணைப்பாளர் வேலை. பல நாடுகள் சேர்ந்து நீரோட்டத்தை அளக்கும் கருவிகளை ஆழ்கடலில் இறக்கியிருந்தன. பேட்டரி தீர்வதற்குள் கப்பல் போய் அவற்றை எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் அவற்றை மேலே கொண்டுவர முடியாது, பதிவானது அத்தனையும் கடலுக்குத்தான்.

2

‘கடல் யாருக்கும் சொந்தமில்லை’ என்றுதான் ஆரம்பித்தேன். [அடித்துவிட்டேன். கருவிகள் கிடந்த கடல் பக்கத்து நாட்டுக்குச் சொந்தம். வினையே அதுதான்.]

எங்கள் நாட்டுக்கும் அந்த நாட்டுக்கும் எல்லைத் தகராறு முற்றியிருந்தது. கப்பல் அனுமதிக்காக எல்லையிலேயே நின்றது. காணொளிக் கூட்டத்தில் அந்த நாட்டு விஞ்ஞானி குனிந்தபடி, “அப்படி ஒரு விண்ணப்பம் எங்களுக்கு வரவேயில்லை” என்றான். அண்ணி வருஷக்கணக்காகத் தம்பி என்றே கூப்பிடுகிறவன். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததே அவன்தான்.

பிறகு போன் செய்தான்.

“பக்கத்துல அரசாங்க ஆள் உட்கார்ந்திருந்தாங்கக்கா. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?”

“நீ சொன்னது பொய்னு உனக்கே தெரியும்ல?”

“தெரியும். இனிமே இந்த நம்பருக்குப் பேசாதீங்க.”

3

அவனைத் துரோகியாக்கி ஒரு பக்கம் எழுதினேன். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு

[இந்த வாக்கியம் இங்கேயே நின்றுவிட்டது. படித்த அண்ணி, “அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. அப்படி எழுதாதப்பா” என்றார்.]

4

கேப்டன் கேட்டார்: “மேடம், கடல் கொந்தளிக்க ஆரம்பிச்சிடுச்சு. நிக்கவா, திரும்பவா?”

ஒரு பிரதியில் கடைசி நேரத்தில் அனுமதி வருகிறது. அண்ணி படித்துவிட்டு, “கதையில மட்டும் எப்படித்தான் கிடைக்குதோ” என்றார். இன்னொன்றில் கேப்டன் துணிந்து எல்லைக்குள் போகிறார், எல்லோரும் கைதாகிறார்கள். அதையும் கிழித்துப்போட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். “திரும்பிடுங்க” என்றார் அண்ணி. கருவிகள் இன்னும் அடியில் அளந்துகொண்டிருக்கின்றன, யாருக்கென்று தெரியாமல்.

5

அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பியாக வேண்டும். அந்தத் தம்பியை அழைத்தால் அவன் தலைக்கு ஆபத்து. விட்டுவிட்டால் அவன் நாட்டை நாமே வெளியே தள்ளிய மாதிரி. அந்தக் கடலுக்குள் இனி எந்தக் கப்பலும் போகாது.

அண்ணி திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். “நீதான் கதை எழுதுறவனாச்சே, சொல்லேன்” என்கிறார்.

உங்களுக்கு வழி தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள்.