ஹெக்டர் ஏன் தேநீர் போட்டார்

1

இந்தக் கதையை என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டது முந்நூறு வார்த்தையில் ஒரு நினைவுக் குறிப்பு. அபர்டீனுக்கு வடக்கே, கடலோரத்தில் இருக்கும் எங்கள் ஊரின் ஸ்காட்டிஷ் நாட்டுப்புற நடனக் குழுவில் பத்தொன்பது வருடமாக ஆடுகிறேன். போன வாரம் குழுவின் செயலாளர் ரோனா போன் செய்தாள்.

“ஹெக்டரப் பத்தி நீதான் எழுதணும் வள்ளி. வியாழக்கிழமை ஹால்ல வாசிச்சிடு. ரொம்ப சோகமா வேணாம், என்ன? அந்த டீ விஷயத்தப் போடு. எல்லாருக்கும் பிடிக்கும்.”

சரி என்றேன். அதுதான் முதல் தப்பு. [இல்லை. முதல் தப்பு இரண்டு வருடம் பழையது. அதற்கு வருகிறேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: “ஓய்வுபெற்ற தபால்காரர் ஹெக்டர் மச், ஓய்வு என்பதையே அறியாத…” போதும். செத்தவர்கள் எல்லோரைப் பற்றியும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

இரண்டாம் முயற்சி: “பனி விழுந்த காலையில் தெருவில் எல்லா வீட்டுப் படியிலும் வழுக்காமலிருக்க யாரோ உப்புத் தூவியிருந்தால், அது ஹெக்டர்.” இது உண்மை. யாருக்கு மருந்து வாங்க வேண்டும், யாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். வியாழன் மாலை மட்டும் யாருக்கும் கிடைக்க மாட்டார். கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடையைக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக வந்து ஹாலைத் திறந்துவிடுவார்.

நான் சேர்ந்த அன்று, சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என்னிடம் கையை நீட்டிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். ஆடத் தெரியாது என்றேன்.

“தெரியாட்டி என்னம்மா? மத்த ஆறு பேரும் கையக் காட்டுவாங்க, அந்தப் பக்கம் போயிட்டே இரு. ஆனா ஒண்ணு. யாரு கேட்டாலும் ஆடணும். மாட்டேன்னுட்டா அந்த ஆட்டம் முடியற வரைக்கும் உக்காந்துதான் இருக்கணும். இன்னொருத்தரோட எந்திரிக்கக் கூடாது.”*

* எங்கும் எழுதி ஒட்டாத சட்டம் இது. எங்கள் ஹாலில் எதை மீறினாலும் சிரித்து மழுப்பிவிடலாம், இதைத் தவிர.

3

இந்த இடத்தில் ஹெக்டர் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு நல்லவரை வாசகர் நம்ப மாட்டார், ஒரு குறை சேர்க்க வேண்டும். இருந்தது. கடைசியில் மறதி வந்தது. வலது பக்கம் திரும்ப வேண்டியவர் இடது பக்கம் போவார், எட்டுப் பேரும் முட்டிக்கொண்டு நிற்போம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் எங்களை நோக்கி வந்தால் குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்தோம், அவ்வளவுதான். அன்பான ஊர் எங்களுடையது.

இரண்டு வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸ் ஆட்டத்துக்கு அபர்டீனிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். ஒரே ஒரு ஆட்டமாவது தப்பில்லாமல் ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஹெக்டர் கையை நீட்டினார்.

“முட்டி வலிக்குது ஹெக்டர்.”

“அப்படியா? உக்காரு, உக்காரு. தண்ணி கொண்டாறேன்.”

அவர் போனார். ஒரு வரிசையில் ஒரு பெண் குறைந்தாள். அபர்டீன்காரர் ஒருவர் என்னைப் பார்த்துக் கை நீட்டினார். நான்

[இந்த வாக்கியத்தை மூன்று நாளாக முடிக்க முடியவில்லை.]

நான் எழுந்தேன். அந்த ஆட்டத்தில் ஒரே சுற்று எட்டு முறை திரும்ப வரும். எட்டு முறையும் ஹெக்டர் தண்ணீர்க் கிளாஸோடு சுவரோரம் நிற்பதைப் பார்த்தேன். முடிந்ததும் வந்து நீட்டினார்.

“இப்பதான் தேவைப்படும். குடி.”

குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் யாரையும் ஆடக் கூப்பிடவில்லை. ஹாலின் சமையலறைக்குள் போய்த் தேநீர் போட ஆரம்பித்தார். இரண்டு வருடம் போட்டார். எவ்வளவு பெரிய மனசு என்று எல்லோரும் மெச்சினோம். நானும் மெச்சினேன்.

4

நேற்று அவர் மனைவி நெட்டாவைப் பார்க்கப் போனேன். குறிப்புக்கு விவரம் வேண்டும் என்று சாக்கு.

“அவரு முட்டி வலியப் பத்தி ஒரு வரி போடு வள்ளி. இல்லாட்டி ஆடறத அந்த மனுசன் விட்டிருப்பாரா? ரெண்டு வருசம் ராத்திரி ராத்திரி தைலம் தேச்சுவிட்டேன். ஒருநாள் இடதும்பாரு, ஒருநாள் வலதும்பாரு. ‘எந்த முட்டின்னுகூட மறந்துட்டியா, கிழவா’ன்னு திட்டுவேன். பேசாம காலை நீட்டுவாரு.”

ஹெக்டர் என் பொய்யை எடுத்துத் தன் காலில் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுக்காமலிருக்க அப்படிச் செய்தாரா, அல்லது வேண்டாதவராகிவிட்டோம் என்று மனைவியிடம் சொல்லக் கூச்சமா? கதாசிரியருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை. நெட்டாவின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு வந்தேன்.

5

குழு அவர் நினைவாகப் புதிதாக ஓர் ஆட்டம் அமைத்திருக்கிறது. பெயர் ‘ஹெக்டரின் தேநீர்’. ஆட்ட விவரத்தோடு என் முந்நூறு வார்த்தையும் அச்சாகும். அதை எந்த ஊரில் ஆடினாலும், அவர் விரும்பித்தான் சமையலறைக்குப் போனார் என்று வாசிப்பார்கள்.

முடிவு அ: வியாழக்கிழமை எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன். நெட்டா என்னை மன்னிக்கிறார். [பேராசை.]

முடிவு ஆ: சொல்கிறேன். நெட்டா மன்னிக்கவில்லை. திட்டித் திட்டித் தைலம் தேய்த்த இரண்டு வருடமும் அவர் கையைவிட்டுப் போகிறது. [அவரைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொள்கிறேன் என்று இந்த முடிவைக் காட்டி எனக்கு நானே சொல்லிக்கொள்ளலாம்.]

முடிவு இ: வாசிக்க வேண்டிய குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். அதில் தேநீர் இருக்கிறது, முட்டி வலி இருக்கிறது, நான் இல்லை. ரோனாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

மிச்சத்தைத் தமிழில் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் என்னைத் தவிர ஒருவருக்கும் தமிழ் தெரியாது. அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுத முடிந்தது.

உங்களுக்கு வாசிக்கத் தெரிகிறது. வியாழன் மாலை ஏழரைக்கு ஹால் திறந்திருக்கும், யாரும் உள்ளே வரலாம். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் நெட்டா உட்கார்ந்திருப்பார். முடிந்தால் நீங்கள் சொல்லுங்கள். நான் அப்போது ஆடிக்கொண்டிருப்பேன்.