சந்தனம் பூசிய நாம்பன்கள்

புத்தூரில் பஞ்சலிங்கத்தார் தன் இரண்டு நாம்பன் மாடுகளையும் கிணற்றடியில் குளிப்பாட்டிவிட்டு, அவற்றின் பின்பக்கத்தில் சந்தனம் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்கள் பக்தி என்றுதான் நினைப்பார்கள். சங்கதி மனைவி குணலட்சுமிக்கு மட்டும் தெரியும். மாட்டுவண்டிச் சவாரிப் போட்டியில் அவர் பிடிக்கிற துவரங்கம்பின் நுனியில் ஓர் ஆணி இருக்கும். குத்தினால் மாடு பறக்கும். பிறகு வழிகிற இரத்தத்தை மறைக்கத்தான் இந்தச் சந்தனம்.

போன வருடம் யாரோ முறைப்பாடு செய்து வழக்கும் நடந்தது. அபராதம் நூறு ரூபாய். மிருகவதைக்கு எதிரான அந்தப் பழைய சட்டத்தில் அபராதம் அதற்கு மேல் போகாது. பஞ்சலிங்கத்தார் சிரித்துக்கொண்டே கட்டிவிட்டு, வரும் வழியில் வீட்டுக்குக் கொத்துரொட்டி வாங்கி வந்தார். கொத்துரொட்டிதான் விலை கூட.

குணலட்சுமி சண்டை பிடித்துப் பார்த்தாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில், சவாரிச் சங்கத் தலைவராக இருந்த தமையன் முத்துக்குமாருவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். அடுத்த கூட்டத்திலேயே புது விதி வந்துவிட்டது. ஓட்டம் முடிந்ததும் ஒவ்வொரு மாட்டையும் எல்லாருக்கும் முன்னால் கழுவிப் பார்ப்பார்கள். புதுக் காயம் இருந்தால், ஓட்டினவர் இனி எந்தச் சவாரித் திடலிலும் கால் வைக்க முடியாது.

இந்த முறையும் முதலாவதாக வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பஞ்சலிங்கத்தார் வீட்டுக்கு வந்து குதித்தார்.

"நீர் போய்ச் சொல்ல, உம்மடை அண்ணைக்கும் விசர் பிடிச்சிட்டுது. ஆணி இல்லாமல் மாடு ஓடுமே?"

"நீங்கள் எப்பவாவது ஓட விட்டுப் பாத்தனீங்களே?"

"அப்ப என்ன, மாட்டோடை கதைக்கச் சொல்லுறீரோ?"

"என்னோடை கதைக்கிறதைவிட அதுகளோடை நல்லாத்தான் கதைப்பியள்."

சவாரியன்று காலை அவர் கம்பின் நுனியைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். குத்தி வென்றால் ஒரு கப் கிடைக்கும். ஆனால் மிச்சக் காலம் முழுக்க வேலிக்கு வெளியே நின்று விசிலடிக்க வேண்டிவரும். ஒரு குறடு எடுத்து வந்து ஆணியைப் பிடுங்கி எறிந்தார்.

திடலில் தொண்டை கிழியக் கத்தினார். மாடுகளும் ஓடத்தான் செய்தன. இரண்டாம் இடம். கழுவும்போது இரத்தம் இல்லை, பழைய தழும்புகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. தட்டிக்கொடுக்க அவர் வெறுங்கையை நீட்டியதும் ஒரு நாம்பன் தோல் நடுங்கி விலகியது. கழுவிய பையன்கள் தொட்டபோது அது அசையாமல்தான் நின்றது. பஞ்சலிங்கத்தாரின் முகம் கறுத்துப்போயிற்று.

"என்ன மச்சான், ரெண்டாவதா வந்தது கவலையோ?" என்று முத்துக்குமாரு சீண்டினார்.

"இல்லை மச்சான். உண்மையைச் சொல்லுறன். தண்டம் நூறு ரூபாய் எண்டு இருக்கும் வரைக்கும் பயமில்லாமல் குத்தினன். திடலைப் பறிப்பியள் எண்ட உடனைதான் ஆணியைக் கழட்டினன். எல்லாருக்கும் உங்கடை தங்கச்சி மாதிரிப் பெண்சாதி வாய்க்காது. வாயில்லாச் சீவனை வதைக்கிறவனுக்கு நோகிற மாதிரித் தண்டனை சட்டத்திலையே இருக்கோணும்."