பாளையக்காரர் செத்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் முதலாளி மகுடேஸ்வரன் திருப்பூரில் பனியன் கம்பெனி தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகிவிட்டதாம். மற்றவர்கள் என்றால் ஒரு பிரியாணி போட்டு அனுப்பிவிடுவார்கள். இவரோ வெளிநாடு போன இடத்தில், கூடாரம் அடித்துத் தங்கி பழைய கால யுத்தத்தை அப்படியே நடித்துக் காட்டுவதைப் பார்த்துத் தொலைத்தார். வந்த கையோடு பொங்கலூர் தென்னந்தோப்பில் தார்ப்பாய்க் கூடாரங்களோடு பாளையம் இறங்கிவிட்டார்.

அவர் வம்சத்தில் ஒரு பாளையக்காரர் வெள்ளைக்காரனோடு மோதி வீரமரணம் அடைந்தாராம். பேரைக் கேட்டால் மட்டும் முதலாளிக்கு இருமல் வரும். பாளையக்காரர் வேஷம் யாருக்கு என்று கேட்கவே வேண்டாம்.

வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு நைட் ஷிஃப்ட்காரர்கள். பகலில் நாங்கள் சும்மா தூங்கித்தானே வீணாகிறோம்! எக்ஸ்போர்ட்டில் திரும்பி வந்த சிவப்பு டி-ஷர்ட்தான் சீருடை. வேர்வையில் அது சாயம்விட்டு, யுத்தம் தொடங்கும் முன்பே எல்லோரும் ரத்தக்காயத்தோடு நின்றோம். பகல் ஷிஃப்டில் பனியனில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் கோட்டைக் குடிமக்கள். பாளையக்காரர் விழுந்ததும் "ஐயோ எங்க ராசா!" என்று மாரடித்து அழ வேண்டும். அதற்கு ஒரு வாரம் ஒத்திகை.

நான் ராஜவேல், நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். எனக்குக் கேப்டன் வேஷம். முதலாளியைச் சுடுகிற வேலை. வேறு எவனும் அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. நான் ஒப்புக்கொண்டது என் மனைவி கிருத்திகாவுக்காக. அவள் செக்கிங்கில் இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகல், நான் ராத்திரி. கம்பெனி கேட்டில் பார்த்துச் சிரித்துக்கொள்வதுதான் எங்கள் குடித்தனம்.

"தயங்காமச் சுடுங்க ராஜவேலு," என்றார் முதலாளி. "நான் சாகறது தத்ரூபமா இருந்துச்சுன்னா உங்களப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாத்திடறேனுங்க. வாக்குன்னா வாக்கு."

கிருத்திகாவிடம் சொன்னேன். "ஏனுங்க, குறி மட்டும் தப்பிடாதீங்க" என்றாள்.

யுத்தம் தொடங்கியது. முதலாளி வாளை உருவியதுமே முதல் வரிசை முழுவதும் செத்து விழுந்தது. வாள் ஒருவர் மேலும் படவில்லை. முதலாளி கை ஓங்கிய பிறகு நின்றுகொண்டிருக்க எவனுக்குப் பைத்தியம்? செத்துக் கிடந்த பீகார் பையன் ஒருவன் போனில் அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க, ஒருத்தராவது எந்திரிங்க! நான் ஆரோட சண்ட போடறது?" என்று பாளையக்காரர் கெஞ்சினார். கடைசியில் நானும் அவரும்தான் மிச்சம்.

மரத் துப்பாக்கியை நீட்டினேன். "சுட்டுடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"சுடுங்கன்னா!" என்று பல்லைக் கடித்தார்.

கூடாரத்துக்குப் பின்னால் வெடி வெடித்தது. முதலாளி நெஞ்சைப் பிடித்தார், சுற்றினார், சாய்ந்தார். பொய் சொல்லக் கூடாது, மனுஷன் பிரமாதமாகச் செத்தார்.

அழ வேண்டியவர்கள் கைதட்டினார்கள். அப்படி இப்படிக் கைதட்டல் இல்லை, தோப்பே அதிர்ந்தது. ஒருத்தி "இன்னொருக்காச் சுடுங்கண்ணா!" என்று கத்தினாள். எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு விசில். யாரென்று பார்த்தால் கிருத்திகா! விரல் வாயில், கண் நிறையத் தண்ணீர், பார்வை என் மேல். அவள் விசிலடிப்பாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. "அந்த விசில் ஆருதுங்க?"

"கூட்டத்துல தெரியலீங்க."

"செக்கிங் பக்கமிருந்துதானுங்க வந்துச்சு?"

நான் மரத் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தேன். முதலாளி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். முகம் சுண்டிப்போயிருந்தது. பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாள் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். "நல்லாச் சுட்டீங்க. நாளையிலிருந்து நீங்க பகல் ஷிஃப்ட்டுங்க."

கும்பிட்டேன்.

"அப்பறம், அந்தச் செக்கிங் செக்சன் பூராத்தையும் நைட்டுக்கு மாத்திட்டேனுங்க. கொழுப்புக் கொறையட்டும்."

"மொதலாளி," என்றேன், "என்னைய நைட்டுலயே விட்டுருங்க."

"அதெப்படிங்க?" முதலாளிக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "உங்களுக்குக் குடுத்த வாக்க மீறினா எனக்குச் சோறு எறங்காதுங்க."