லேடீஸ் பாத்ரூம் என்று எழுதிய கதவு

சோலூருக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்கள் எல்லோரும் அன்று புதுக் கையுறை போட்டிருந்தார்கள். பழக்கமில்லாததால் கொழுந்து கையில் நிற்காமல் நழுவியது. சோதனை நாள் என்றால் இந்தக் கூத்து உண்டு. சோதிக்க வந்த ரஞ்சனிக்கும் அது தெரியும். தெரிந்தும், ‘கையுறை உண்டு’ என்று எழுதிக்கொண்டாள். சண்டை போட அவளிடம் தெம்பில்லை.

மனித உரிமையில் எம்.ஏ. படித்தவள். “அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?” என்று ஊரே கேட்டது. ஆணையம், தொண்டு நிறுவனம் என்று வாசல் வாசலாக ஏறி இறங்கிக் களைத்த பிறகு, தோட்டங்களில் தொழிலாளர் வசதிகளைப் பார்த்துச் சான்றிதழ் தரும் இந்தக் கம்பெனியில் இடம் கிடைத்தது. இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்தச் சோதனையை ஒழுங்காக முடித்தால் ஆக்கிவிடுவதாக மேலாளர் ரமேஷ்குமார் சொல்லியிருந்தார். ஒழுங்காக என்றால், குறை எதுவும் எழுதாமல்.

“லேடீஸ் பாத்ரூம் அதோ இருக்குதுங்க மேடம்” என்று சூப்பர்வைசர் லிங்கசாமி சரிவில் ஒரு பச்சைக் கதவைக் காட்டினார். எழுத்தில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

“நல்லா இருக்குதா?” என்று ரஞ்சனி பறிக்கும் பெண்களைக் கேட்டாள்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள் பிரியா, லிங்கசாமியைப் பார்த்துக்கொண்டே. அதையும் எழுதியாயிற்று.

காலையில் குடித்த டீயும் தூறலும் சேர்ந்து ரஞ்சனியின் அடிவயிற்றை முட்டின. அந்தக் கதவை நோக்கி நடந்தாள். லிங்கசாமி பதறி முன்னால் வந்தார்.

“வேண்டாங்க மேடம். பங்களாவுக்குப் போயிரலாம், ஜீப்பு நிக்குது.”

“ஏனுங்க, இங்கயே இருக்குதே?”

“இது உங்களுக்குச் சரிப்படாதுங்க.”

“சாவியக் குடுங்க.”

வேறு வழியில்லாமல் கொடுத்தார். திறந்தாள். உள்ளே கூரை வரை உர மூட்டைகள். ச்சீ என்றாகிவிட்டது அவளுக்கு. லிங்கசாமி மீது வந்த கோபத்தைவிடத் தன் மீதுதான் அதிகமாக வந்தது.

பிரியா மெதுவாகப் பக்கத்தில் வந்தாள். “வாங்கக்கா, நாங்க ஒதுங்கற எடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். காட்டெருமை வந்தாச் சத்தம் குடுக்கறேன்.”

ஈரப் புதருக்குள், காதை வெளியே வைத்தபடி குந்தி எழுந்த ரஞ்சனி பிரியாவிடம் கேட்டாள்.

“தெனமும் இப்பிடித்தானா?”

“இதுக்குப் பயந்தே மத்தியானம் வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டோங்க. எழுதிராதீங்கக்கா. நாங்க சொன்னதாத் தெரிஞ்சா வேலைக்கு வெச்சுக்க மாட்டாங்க.”

“நீங்க யாரும் எதுவும் சொல்லலியே. கதவத் தெறந்தது நானு, பாத்தது நானு.”

ஜீப்பில் உட்கார்ந்து, முன்பு எழுதிய இரண்டு குறிப்புகளையும் கோடு போட்டு அடித்தாள். கீழே லிங்கசாமி அதற்குள் கையுறைகளைத் திரும்ப வாங்க ஒரு சாக்கோடு இறங்கிக்கொண்டிருந்தார். கழிப்பறை இல்லை, கையுறை இன்று மட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரமேஷ்குமாருக்கு போன் செய்தாள்.

“உங்க வேலைய நெனச்சுப் பாத்தீங்களா ரஞ்சனி?” என்றார் அவர்.

“பாத்துட்டேன் சார்” என்றாள் சோர்ந்த குரலில். “எனக்குச் சரிப்படாதுன்னு என்னத் தடுத்தாங்க. எனக்குச் சரிப்படாதது இந்தப் பொண்ணுகளுக்கு மட்டும் போதும்னு எழுதினா, நான் படிச்சது வெறும் பட்டம். மனித உரிமைங்கறது பெரிய சங்கதியெல்லாம் இல்ல சார். நமக்கு எது வேணுமோ, அது அவங்களுக்கும் வேணும். அவ்வளவுதான்.”