ஒரு சாண் உயரத்தில் கிருபா

செங்காட்டுப்புதூர் மேற்கு வீதியில் கிருபா முதன்முதலாகத் தரையைத் தொடாமல் போனது 1994 பங்குனியில், ஒரு திங்கட்கிழமை காலை. ஒரு சாண் உயரம் இருக்கும். அந்த வாரம்தான் தக்காளியைக் கேட்பாரில்லாமல் மாட்டுக்குக் கொட்டினார்கள். ஊருக்கு இரண்டும் சேர்ந்தேதான் நினைவிருக்கிறது.

காலனிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் நடுவில் கிடக்கிறது அந்த வீதி. காலனி ஜனங்கள் வீதி முனைக் கல்லருகே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசி வீடு தாண்டிய பிறகுதான் காலில் மாட்ட வேண்டும். வீட்டுக்கு வீடு டி.வி. வந்த பிறகும் இதுதான் சட்டம். தலைக்கு மேலே சூலூர் விமானம் உறுமிக்கொண்டு போகும், கீழே செருப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு மனிதர்கள் போவார்கள். கிருபாவின் அம்மா மயிலாத்தாளின் புருசன், பண்ணாடி தம்பிதுரையின் தோப்பில் தேங்காய் பறிக்க ஏறி விழுந்து செத்தான். அவன் பிணத்தைக்கூட இந்த வழியாக விடவில்லை, வாய்க்காலோரமாகத்தான் தூக்கிப்போனார்கள். அன்றைக்கு மயிலாத்தாளின் வயிற்றில் பற்றிய நெருப்பு அப்புறம் அணையவே இல்லை. தன் மகள் கிருபா செருப்பைக் கழற்றாமல் இந்த வீதியில் நடந்து வேலைக்குப் போக வேண்டும், அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். கிருபா டவுன் பக்கம் கணபதியில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

காலனியை ஒட்டி, தம்பிதுரையின் தோப்போரத்தில், இடி விழுந்து தலை போன மொட்டைத் தென்னை ஒன்று நின்றது. அதன் பொந்தில் அந்த வருசம் மூன்று கிளிக்குஞ்சுகள். மயிலாத்தாளும் கிருபாவும் விடிந்ததும் வாசலில் நின்று பார்ப்பார்கள். அதுவரை இரை கொண்டுவந்து ஊட்டிய தாயும் தகப்பனும் திடீரென்று பொந்துக்கு வருவதை நிறுத்திவிட்டன. தொண்டை நிறைய இரையோடு எதிர் மரத்தில் உட்கார்ந்து கத்தின. குஞ்சுகள் பசியில் தலையை நீட்டி அலறின. மூத்தது பாதி உடம்பை வெளியே விட்டு, பயந்து உள்ளே போய், மறுபடி வந்து, கடைசியில் பொத்தென்று விழுந்தது. தரைக்குக் கொஞ்சம் மேலே சிறகு அதைப் பிடித்துக்கொண்டது. அடுத்ததும் பின்னாலேயே போனது. கடைக்குட்டி மட்டும் பொந்திலேயே கிடந்து திங்கட்கிழமைதான் வெளியே வந்தது. உயரம் போகத் தெரியாமல் தரையோடு தரையாகப் படபடத்து வீதிக்குள் புகுந்தது. தம்பிதுரை வீட்டு நாய் அதைத் துரத்தியது. பஸ்சுக்குக் கிளம்பிய கிருபா நாயை விரட்டிக்கொண்டு குஞ்சின் பின்னால் ஓடினாள். கண்ணெல்லாம் குஞ்சின் மேல். செருப்பைக் கழற்ற மறந்துபோனாள், கால் தரையை விட்டு எழும்பியதும் அவளுக்குத் தெரியாது. வீதிக் கடைசியில் குஞ்சு ஒருவழியாக எவ்வி கரண்டுக் கம்பியில் உட்கார்ந்தது. கிருபா பஸ் ஏறிப் போய் வழக்கம்போல் காயில் சுற்றினாள்.

வாசல் தெளித்துக்கொண்டிருந்த தெய்வாத்தாள், தம்பிதுரையின் மனைவி, முதலில் பார்த்தது செருப்பைத்தான். காலுக்கும் மண்ணுக்கும் நடுவே தெரிந்த வெளிச்சத்தை அப்புறம்தான் பார்த்தாள்.

சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. மயிலாத்தாளை எட்ட நிற்கவைத்தார்கள்.

"ஏ மயிலா, உம்புள்ள செருப்புப் போட்டுட்டு வந்துச்சாமா?" என்றார் தம்பிதுரை.

"வந்துச்சுங்க பண்ணாடி. மண்ணுல படலீங்க."

ஒரு பெண் பிள்ளை பறந்ததைப் பற்றி அங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. செருப்பு மண்ணில் பட்டதா இல்லையா என்பதுதான் பேச்சு. படவில்லை என்று தெய்வாத்தாளே சாட்சி சொன்னாள். செருப்பு மண்ணில் படக் கூடாது என்பதுதானே கட்டுப்பாடு? பெரிய மனசோடு தீர்ப்புச் சொன்னார்கள்: காலனியில் யார் பறந்தாலும் செருப்புப் போட்டுக்கொள்ளலாம். மொட்டைத் தென்னையை யாரும் வெட்டக் கூடாது, வருசா வருசம் குஞ்சுகளைப் பார்த்து ஜனங்கள் கற்றுக்கொள்ளட்டும். கட்டுப்பாடும் நின்றது, போலீஸ் கேசும் இல்லை என்று நிம்மதியாகக் கலைந்தார்கள். வெட்கங்கெட்ட நிம்மதி.

அடுத்த பங்குனியில் காலனியே தென்னையடியில் அண்ணாந்து நின்றது. தறி ஓட்டும் பிரான்சிஸ் குஞ்சுகளோடு சேர்ந்து மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொண்டான். பறக்கத் தெரியாதவனுக்குச் செருப்பு எதற்கு என்று வீதியில் சிரித்தார்கள். கிருபா மட்டும் தினமும் பறந்தாள். மழையிலும் பறந்தாள், காய்ச்சலிலும் பறந்தாள். களைத்தாலும் வீதியில் ஒரு நொடி கால் ஊன்ற முடியாது. ராத்திரி சோறு உண்ணும்போது அவளுக்கு ஆடுசதை துடிக்கும். மயிலாத்தாள் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே பொருமுவாள்: "பறக்கக் கத்துக்கிட்ட குஞ்சு எங்க வேணும்னாலும் போயி உக்காருது. என்ற புள்ள மட்டும் எறங்கக் கூடாதாக்கும்?"

1996 பங்குனியில், அந்த வருசத்துக் குஞ்சுகள் பொந்தை விட்டுப் போன மறுநாள், மயிலாத்தாள் தனக்கும் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாள். காலையில் அதை மாட்டிக்கொண்டு மகளோடு கிளம்பினாள். கல்லைத் தாண்டியதும் கிருபா எழும்பினாள். மயிலாத்தாள் எழும்பவில்லை, எழும்ப முயலவும் இல்லை. சரட் சரட்டென்று மண்ணில் தேய்த்து நடந்தாள். தம்பிதுரை வீட்டு வாசலில் நின்று மகளின் கையைப் பிடித்தாள்.

"எறங்கு கண்ணு."

"அம்மா, பாக்கறாங்க."

"பாக்கட்டும். எறங்கு."

கிருபாவின் செருப்பு மண்ணில் பட்டது. புழுதி எழுந்தது, அடங்கியது. தம்பிதுரை பேப்பரைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

"பறந்தாத்தான் போட்டுக்கலாம்னு சொல்லியிருக்குதல்ல, மயிலா?"

"எம்புள்ளைக்குப் பறக்கத் தெரியுமுங்க. ரண்டு வருசமா நீங்களும் பாத்தீங்கல்ல. இனி நடக்கறோமுங்க."

அன்றைக்கே தம்பிதுரையின் தோப்பில் பார்த்துவந்த வேலையிலிருந்து மயிலாத்தாளை நிறுத்தினார்கள். சூலூரில் ஒரு தறிக்கூடத்துக்குப் போனாள். இரண்டு ராத்திரி வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் காலனி மொத்தமும் செருப்போடு வீதியில் இறங்கியது, பிரான்சிஸ் நொண்டிக்கொண்டே முன்னால் போனான். அத்தனை பேர் மேல் எறியக் கல் யாரிடமும் இல்லை. கிருபா அதற்கப்புறம் பறக்கவில்லை, பறக்க வேண்டியிருக்கவும் இல்லை. அவள் பறந்தது அந்த ஊருக்கு ஒரு விசயமே இல்லை, சின்னப் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்வதில்லை. செங்காட்டுப்புதூரில் என்ன அதிசயம் நடந்தது என்று கேட்டால், தம்பிதுரை வீட்டு வாசலைக் காட்டி, இந்த இடத்தில்தான் அம்மாவும் மகளும் நடந்தார்கள் என்று இன்னமும் குரலைத் தாழ்த்திச் சொல்கிறார்கள்.