நாலாவது அத்தியாயம்

பரிசுக் குழுவின் கடைசிக் கூட்டத்தில் பேராசிரியர் யாரையும் குறுக்கே பேசவிடவில்லை. அக்காவைப் பறிகொடுத்த பதினைந்து வயதுப் பையனைப் பற்றிய அந்த நாவல் பள்ளிப் பிள்ளைகள் படித்து அழுவதற்கு நல்லதுதான், ஆனால் இலக்கியப் பரிசுக்குப் போதாது என்று அடித்துச் சொன்னார்.

"அழ வைக்கிறது பெரிய விஷயமில்லை. வெங்காயம் கூட அழ வைக்கும்."

இன்னொரு நடுவரான கவிஞர் குலுங்கிச் சிரித்தார். அவர் ஏற்கெனவே வேறொரு நாவலின் பக்கம் சாய்ந்திருந்தவர். மூன்றாவது நடுவரான புத்தகக்கடைக்காரம்மா சிரிக்கவில்லை.

"சின்னவங்களுக்கு எழுதினா எடை குறைஞ்சிடுமா சார்? என் கடையில இதை வாங்குறவங்கள்ல பாதிப் பேரு பெரியவங்க. கடைசி அத்தியாயத்துல அப்பாவும் பையனும் பேசிக்கிறாங்களே, அதுவுமா வெங்காயம்?"

"அது எல்லாரும் எதிர்பார்க்கிற முடிவுதானே," என்று பேராசிரியர் சமாளித்தார். இரண்டுக்கு ஒன்று. அந்த நாவல் தோற்றது.

கடைசி அத்தியாயத்தை அவர் படித்திருக்கவே இல்லை. நாலாவதோடு மூடிவைத்துவிட்டார். அதில், இறந்துபோன அக்காவின் செல்போன் தினமும் காலையில் அவளைப் பள்ளிக்கு எழுப்பும் நேரத்தில் அலாரம் அடிக்கிறது. அதை நிறுத்த வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. மாற்றி மாற்றிச் சார்ஜ் போடுகிறார்கள். பேராசிரியருடைய மகளும் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவளுடைய போனை மறுவாரமே அணைத்து அலமாரிக்குள் தள்ளியவர் அவர்தான். மனைவியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி சாப்பாட்டு மேசையில் அந்த நாவலோடு உட்கார்ந்திருந்தாள்.

"கேக்காம எடுத்துட்டேன். இப்பதான் முடிச்சேன்," என்றாள். "நீங்க கோடு போடாம படிக்க மாட்டீங்களே. நாலாவது அத்தியாயத்துக்கு அப்புறம் ஒரு பென்சில் கோடு கூட இல்லை."

அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றும் சாக்கில் திரும்பிக்கொண்டார். "முடியலை."

"அதைக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமே."

"வெங்காயம்னு சொல்லிட்டு வந்தேன்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, காய்ந்த துணிகளை எடுக்க மாடிக்குப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் மிச்சத்தைப் படித்து முடித்தார். நடுவில் கதை தொய்ந்துதான் கிடந்தது. பையனின் நண்பன் வயதுக்கு மீறிப் பேசினான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் அப்பாவும் மகனும் அக்காவைப் பற்றிப் பேசவே இல்லை. காற்றுப் போன சைக்கிள் டயரைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தார்கள். இதையா எதிர்பார்த்த முடிவு என்றோம் என்று கூசிப்போனார்.

பரிசுக் குழுவின் செயலாளரைப் போனில் பிடித்து உள்ளதைச் சொன்னார். எதிர்முனையில் பெருமூச்சுதான் வந்தது. "பத்திரிகைகளுக்கு அனுப்பியாச்சு சார். ஜெயிச்சவருக்கும் சொல்லியாச்சு. இப்ப மாத்தினா நம்ம எல்லார் பேரும் நாறிடும்."

பரிசளிப்பு விழாவில் அழைப்பிதழை மடிப்பதும் பிரிப்பதுமாக உட்கார்ந்திருந்தார். முடிந்து எல்லோரும் கலையும்போது ஒரு பெண் அருகில் வந்தாள். அந்த நாவலை எழுதியவள். அது அவளுடைய முதல் புத்தகம்.

"கடைசிச் சுற்று வரைக்கும் வந்ததே எனக்குப் பெரிசு சார். பொறுமையா படிச்சிருக்கீங்க. ரொம்ப நன்றி."

தலையை ஆட்டிவிட்டு நகர்ந்திருக்கலாம். கால் நகரவில்லை.

"நான் முழுசா படிக்காமத்தான்மா வேண்டாம்னு சொன்னேன். பரிசு முடிவான அப்புறம்தான் மிச்சத்தைப் படிச்சேன்."

அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது. கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"முதல்லயே முழுசா படிச்சிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"தெரியலை. குறையும் இருக்கு. ஆனா, படிச்சிட்டுச் சண்டை போட்டிருக்கணும். அதைக்கூட நான் செய்யலை."

அவள் கேட்டாள்: "எதுல நிறுத்தினீங்க?"

"நாலாவது அத்தியாயத்துல."

"எங்கம்மாவும் அதோட நிறுத்திட்டாங்க," என்றாள். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.