ஒலிபெருக்கிக்கு வாய்த்த பெட்டி

வெள்ளவத்தை மாதர் சங்கக் காரியதரிசி பாக்கியலெட்சுமி, மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். போன வருட நவராத்திரியில் சிவமணி பாடி முடித்ததும், "தங்கச்சி, உம்மடை குரல் சாமிக்குக் கேக்கும், சனத்துக்குக் கேக்காது" என்றுவிட்டார். சொன்னது பொய்யும் அல்ல. மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்கள் அவள் தொடங்கியதையும் அறியவில்லை, முடித்ததையும் அறியவில்லை. சேலை விலை கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு சிவமணி அடுப்படியில்கூட வாய்க்குள் பாடுவதை விட்டுவிட்டாள்.

அவள் கணவன் நாகேந்திரத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. டெலிபோன் கந்தோரில் வேலை பார்க்கும் மனிதன், மனைவியின் குரலை முப்பது அடி தள்ளிக் கொண்டுபோக முடியாவிட்டால் அந்த உத்தியோகம் எதற்கு? பழைய ரேடியோக்களின் வயிற்றைக் கிழித்து வால்வுகள் எடுத்தான். கழித்துப்போட்ட டெலிபோனிலிருந்து மைக் எடுத்தான். பத்து மாதத்தில் ஓர் ஒலிபெருக்கி பிறந்தது. நன்றாகவே பாடியது. பார்வைக்குத்தான் குடல் சரிந்த மீன் போலக் கிடந்தது.

பாக்கியலெட்சுமி வந்து பார்த்தார். "பிள்ளையள் கை வைச்சால் ஆர் பதில் சொல்லுறது? நல்ல பெட்டி ஒண்டுக்குள்ளை போட்டுக்கொண்டு வாரும் தம்பி. இல்லாட்டி இந்த முறை பாட்டுக்குச் சிவமணியின்ரை பேரை எழுதமாட்டன்."

அன்று பிடித்தது சனி. பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தான். பாட்டோடு தகரமும் சேர்ந்து பாடியது. தேயிலைப் பெட்டிக்குள் வைத்தான். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாளில் கம்பி பட்டு வீடே இருண்டது. கடைசியில் தச்சனைப் பிடித்துத் தேக்கில் ஒரு பெட்டி செய்வித்தான். காற்றுப் புகாத அருமையான பெட்டி. அரை மணி நேரத்தில் வால்வுகள் உள்ளேயே வெந்து புகைந்தன. மறுபடி வால்வு தேடிப் போட்டு முடித்தபோது, சரசுவதி பூசைக்கு ஐந்தே நாள் இருந்தது.

கந்தோரில் பக்கத்து மேசைக்காரன் பௌஸி இதையெல்லாம் கேட்டுச் சிரித்தான். "காத்துப் போற பெட்டிதானே வேணும்? எங்கட ஊட்டுல ஒண்டு சும்மா இரிக்கி. வந்து பாருங்க."

கொட்டாஞ்சேனையில் அவன் வீட்டுக்குப் போனதும், அவன் மனைவி ரபீக்கா அதைத் தூக்கிவந்து வைத்தாள். நல்ல தேக்குச் சட்டம், நாலு பக்கமும் கம்பி வலை, பித்தளைப் பிணைச்சல். நாகேந்திரத்துக்கு வாயூறியது. வால்வுக்குக் காற்றும் கிடைக்கும், பிள்ளைகளின் விரலும் போகாது.

"என்ன பெட்டி இது?"

"இறைச்சி வெக்கிற பெட்டி. ஈ, பூனை அண்டாது" என்றாள் ரபீக்கா. "புதுசு ஒண்டு எடுத்திட்டம். நல்லாக் கழுவித்தான் வெச்சிருக்கேன்."

நாகேந்திரம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். சிவமணி நவராத்திரிக்கு ஒன்பது நாளும் ஒருநேரச் சாப்பாடு. மற்ற நாளிலும் முட்டை உடைத்த கரண்டியையும் தொடமாட்டாள். ஆனால் வேறு பெட்டிக்கு எங்கே போவது? ஆபத்துக்குப் பாவம் இல்லை என்று பெட்டியைத் தூக்கினான். பௌஸி வீட்டிலேயே மூன்று தரம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான். வெயிலில் காயவைத்து வார்னிஷ் அடித்தான். அடுத்த நாள் வீட்டுக்குக் கொண்டுபோய், "துரை ஒருத்தர் கிளி வளர்த்த கூடு, ஏலத்திலை எடுத்தனான்" என்றான். சிவமணி கூட்டைச் சுற்றிப் பார்த்தாள். "நல்ல கூடு" என்று சொல்லி, ஈரத்துணியால் மூலைமுடுக்கெல்லாம் துடைத்து வைத்தாள்.

பூசையன்று பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. கொலுவுக்குப் பக்கத்தில் பெட்டி. அதன் பின்னால் நாகேந்திரம். முன்னால் மைக்கோடு சிவமணி. அவள் வாய் திறந்ததும் கடைசி வரிசையில் சேலைக் கதை நின்றது. பாக்கியலெட்சுமி கன்னத்தில் கைவைத்துக் கேட்டார். நாகேந்திரம் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

மூன்றாவது பாட்டுக்குள் வால்வுகள் நன்றாகச் சூடேறின. வால்வு சூடேற, தேக்கும் சூடேறியது. எத்தனையோ வருடமாக மரம் குடித்து வைத்திருந்த இஞ்சியும் உள்ளியும் இறைச்சியும் வார்னிஷைத் தள்ளிக்கொண்டு மெல்ல வெளியே வந்தன. முன்வரிசை மூக்குகள் நிமிர்ந்தன. பாட்டு முடிந்த கையோடு பாக்கியலெட்சுமி எழுந்து வந்தார். "தம்பி, என்ன மணம் இது?"

நாகேந்திரம் பெட்டிக்குப் பின்னால் இன்னும் குனிந்தான். சிவமணி அவன் பக்கம் சரிந்து, மைக்கைக் கையில் பிடித்தபடியே குசுகுசுத்தாள்: "இஞ்சேருங்கோ, பயப்பிடாதேங்கோ. கிளிக்கூடு இல்லை, இறைச்சிப் பெட்டி எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். சட்டத்து இடுக்கிலை இறுகிக் கிடந்த எலும்புத் துண்டை நான்தான் எடுத்து எறிஞ்சனான். எனக்குப் பாடவேணும் போலை கிடந்தது."

ஒரு சொல் தவறாமல் மண்டபம் முழுக்கக் கேட்டது.

பிறகு கடைசி வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமாட்டாமல் விட்டுவிட, அது வரிசை வரிசையாக முன்னுக்கு வந்தது. பாக்கியலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. "இந்தச் சாமான் இனிச் சாமிக்கு முன்னாலை ஒரு நிமிஷம் இருக்கக்கூடாது. வெளியிலை கொண்டுபோம்" என்றார்.

நாகேந்திரம் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை வாசலுக்குத் தூக்கினான். மைக் வயரும் கரண்ட் வயரும் வாசல் மட்டும் எட்டி, இன்னும் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பாக்கியலெட்சுமி திரும்பினார். "சிவமணி, நீர் ஏன் எழும்புறீர்? மைக் இஞ்சைதானே கிடக்கு. பாடும்."

சிவமணி கண்ணை மூடிப் பாடினாள். குரல் வாசலில் இருந்து காலிக்குப் போகும் பெருவீதிக்கு இறங்கியது. ரிக்‌ஷாக்காரன் ஒருவன் வண்டியைத் தாழ்த்திவைத்து நின்றான். எதிர்க் கடை முதலாளி தராசைக் கையில் பிடித்தபடி படிக்கு வந்தார். நல்லாய்க் கேட்க வேண்டுமென்று மண்டபத்துப் பெண்களும் ஒவ்வொருவராக எழுந்து முற்றத்துக்குப் போனார்கள். பாக்கியலெட்சுமிதான் முதலில் போனவர்.

உள்ளே சரசுவதியும் சிவமணியும் மட்டும் இருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற நாகேந்திரம் வெட்கமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.